மருந்து எடை

அந்தத் தராசைக் கேட்டு வாங்கியவர்கள் அந்தப் பெண்களேதான். யாரும் அவர்கள் தலையில் கட்டவில்லை. நான்கு நாள் கண்மாய்க் கரையில், கொதிக்கிற வெயிலில் உட்கார்ந்து, பழைய தராசில் ஒருத்தியும் ஏற மாட்டோம் என்று அடம்பிடித்து வாங்கினார்கள். அதனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கம்பெனிக்காரனை நாலு திட்டுத் திட்டிவிட்டு எழுந்து போகலாம் என்று நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். தவமணிக்கு மட்டும் அப்படி எழுந்து போக வழியில்லாமல் போயிற்று.

தவமணி அங்கே நர்ஸ். முதுகுளத்தூருக்குக் கிழக்கே, மழை பெய்வதை மறந்துவிட்ட சீமையில், மிச்சமிருந்த கண்மாய்த் தண்ணீராவது ஆவியாகாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். வெயிலைக் குடித்து மின்சாரம் தரும் கண்ணாடி. தண்ணீருக்குத் தண்ணீரும் ஆச்சு, கரண்டுக்குக் கரண்டும் ஆச்சு என்று மந்திரி வந்து பேசிவிட்டுப் போனார். செம்மண் புழுதி மட்டும் மந்திரி பேச்சைக் கேட்கவில்லை. ஒரு நாள் துடைக்காமல் விட்டால் கண்ணாடி குருடாகிவிடும். துடைக்க இயந்திரங்களை விட்டுப் பார்த்தார்கள், அவை புழுதி தின்று மூச்சடைத்து நின்றன. கடைசியில் பெண்களைத்தான் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிகளுக்கு நடுவே கம்பியில் தொங்கும் பலகைப் பாதை. அதில் நடந்துகொண்டே துடைக்க வேண்டும். கனமானவர்கள் நடந்தால் பலகை தொய்ந்து கண்ணாடி விரியும் என்பதால் அறுபது கிலோவுக்கு மேல் யாருக்கும் அனுமதி கிடையாது. தினமும் காலையில் தராசில் ஏறி இறங்கித்தான் உள்ளே போக முடியும். இன்னொரு விதியும் இருந்தது. ஒப்பந்தம் மூன்று வருடம், அந்த மூன்று வருடத்தில் யாரும் கர்ப்பமாகக் கூடாது. தண்ணீருக்கு மேலே வயிற்றுப் பிள்ளையோடு யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அதற்காக வேலைக்குச் சேரும் அன்றே இடது கையில் தோலுக்கடியில் ஒரு விதை வைக்கப்படும். அரிசி நீளந்தான் இருக்கும்.

விதையில் இரண்டு வகை. ஒன்று ஹார்மோன் கசிகிற விதை. இன்னொன்றில் ஹார்மோனே கிடையாது, வேறு விதமாகக் கருவைத் தடுக்கும். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ரத்தத்தைப் பார்த்து யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கணினி பிரித்து, குழாயில் அடைத்து, நம்பர் ஒட்டி அனுப்பிவிடும். நம்பரைப் பார்த்துக் கையில் வைக்க வேண்டியது தவமணியின் வேலை.

முதல் நாள் அறுபத்து நான்கு பெண்கள் வரிசையில் நின்றார்கள். எட்டாவதாக வந்தவள் நாகஜோதி. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் குழாயில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். அவள் புருஷன் எட்டாம் தேதி லாரி மோதிச் செத்தவன். எட்டு சனியோட நம்பர், அதை ஒரு தடவை வாங்கியாச்சு, இன்னொரு தடவை ஒடம்புக்குள்ள வேற வைக்கணுமா என்று கேட்டாள். அதற்கு முன்னாலேயே, புருஷன் போய்ச் சேர்ந்தவளுக்கு எதுக்கு விதை என்று கேட்டிருந்தாள். விதி எல்லாருக்கும் ஒன்றுதானாம்.

பின்னால் நின்றவள் இன்பவல்லி. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பிள்ளை.

"அந்தச் சனிய எங்கிட்ட குடுங்கக்கா. எங்க வீட்ல ஒண்ணு ஏற்கனவே ஈசிச்சேர்ல உக்காந்திருக்கு, அதோட சேந்து இதுவும் இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். எட்டாம் விதை இன்பவல்லியின் கைக்குப் போனது, ஒன்பதாம் விதை நாகஜோதிக்கு வந்தது. பதிவை மாற்ற வேண்டுமென்றால் மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். வரிசையில் இன்னும் ஐம்பத்தைந்து பேர். எந்த விதை யாருக்குப் போனால் என்ன, இரண்டும் பிள்ளையைத் தடுக்கத்தானே போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை. ஒரு வாரத்தில் அவளுக்கு அது மறந்தும் போயிற்று.

வருடம் திரும்புவதற்குள் பெண்களில் பாதிப் பேருக்கு எடை ஏறத் தொடங்கியது. இரண்டு கிலோ, மூன்று கிலோ, சிலருக்கு ஐந்து. அறுபதைத் தாண்டியவர்களை மேற்பார்வையாளர் ராயப்பன் வரிசையிலிருந்து ஒதுக்கி வீட்டுக்கு அனுப்பினார். பதினோரு பேர் போன பிறகு நாகஜோதி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஒங்க மருந்த எங்க ஒடம்புல வச்சீக. அந்த மருந்து ஏத்துன கனத்துக்கு எங்கள வீட்டுக்கு அனுப்புறீக. இது எந்த ஊரு ஞாயம்?"

நான்காம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. பலகை எழுபதுக்கு மேலேயும் தாங்கும் என்கிற உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. எடையைப் பிரித்துக் காட்டும் தராசு ஒன்று இருக்கிறது, அதை வைக்கிறோம் என்றார்கள். ஏறி நின்றால் இரண்டு எண் தெரியும். சொந்த எடை பச்சையில், மருந்தால் ஏறிய எடை மஞ்சளில். சொந்த எடை மட்டுந்தான் கணக்கு. அது அறுபதைத் தாண்டினால் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்தால் முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், நோய் ஒன்றும் இல்லையென்று டாக்டர் சொல்லி, மூன்று மாதத்தில் எடையும் குறையாவிட்டால்தான் வேலையை விட்டு அனுப்பலாம்.

நாகஜோதி இலேசில் ஒப்புக்கொள்ளவில்லை. மஞ்சளுக்கு நான்கு கிலோ வரம்பு வைப்போம் என்றார்கள். ஒடம்புக்கு ஒடம்பு மாறும், வரம்பு வைக்க நீங்க யாரு என்று அதை அடித்துவிட்டாள். டாக்டரிடம் போகச் சொல்கிற செய்தியை ராயப்பன் அமுக்கிவிடக் கூடாது, தராசு பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அந்தப் பொம்பளை வந்து ஏறி நிற்கிற வரைக்கும் வாயை மூடக் கூடாது, யாராலும் அதை நிறுத்தவும் முடியக் கூடாது என்றாள். அதையும் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பெண்கள் அவளைத் தூக்காத குறைதான்.

ஏப்ரலில் தராசு வந்தது. அதற்கப்புறம் மஞ்சள் எண்ணைப் பெண்கள் கழுத்துச் சங்கிலி போலக் காட்டிக்கொண்டார்கள். எனக்கு மருந்து மூணு, ஒனக்கு எத்தனை என்று காலையிலேயே பேச்சு தொடங்கிவிடும். மாமியார் குண்டச்சி என்று திட்டினால், நான் இல்ல, மருந்துன்னு தராசே சொல்லுது என்று பதில் சொல்ல ஆளுக்கொரு சாட்சி கிடைத்திருந்தது.

இன்பவல்லிக்கு மட்டும் மஞ்சள் பூஜ்யம். சொந்த எடை அறுபத்து மூன்று. சிவப்பு.

டாக்டர் பார்த்துவிட்டு நோய் ஒன்றுமில்லை, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று எழுதி அனுப்பினார். அவள் குறைத்தாள். காலையில் வெறும் கருப்பட்டிக் காப்பி, மத்தியானம் ஒரு கை சோறு. ஒரு நாள் பலகையிலேயே மயங்கி, நல்லவேளையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எடை மட்டும் இறங்கவில்லை. நான் திங்கவே இல்லக்கா என்று தவமணியிடம் வந்து அழுதாள். தவமணி அவளை நம்பவில்லை. தராசு பொய் சொல்லுமா, வாயக் கட்டணும்டி, ஊரு கண்ணுக்குத் தெரியாமத் தின்னா ஒடம்புக்குத் தெரியாமப் போயிருமா என்று கேட்டாள். ஒரு நர்ஸ் கேட்கக் கூடாத கேள்வி அது. இன்பவல்லி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. ஜூலைக் கடைசியில் அவளுக்கு வேலை போயிற்று.

நாகஜோதிக்குக் கதை வேறு மாதிரி. அந்த ஜூலையில் அவளுக்குப் பச்சை ஐம்பத்தெட்டு, மஞ்சள் மூன்று. தீபாவளிக்கு மஞ்சள் ஆறு. தை பிறந்தபோது ஒன்பது. தலைவிக்குத்தான் மருந்தும் கூட என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை என்று பெரிய அளவு வாங்கினாள். சட்டையை மட்டும் மாற்றவில்லை, அதன் கை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆகிக்கொண்டிருந்தது. ரெண்டு வாய் வச்சா வயிறு நெறைஞ்சு போகுதுக்கா என்று ஒரு நாள் சொன்னாள். கன்னத்து எலும்பு தெரிவதைத் தவமணி பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். வயிறு மட்டும் ஏறி, கை கால் வற்றினால் என்ன அர்த்தம் என்று படித்தவள். அன்றைக்குத் தராசைப் பார்த்தாள். பச்சை அப்படியே இருந்தது, மஞ்சள் ஏறியிருந்தது, சிவப்பு எரியவில்லை. ஒன்றுமில்லடி, மருந்துதான் என்றாள்.

வைகாசியில் நாகஜோதி பலகையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். தவமணிதான் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே டாக்டர் ஷெரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினார். வயிற்றிலிருந்து ஒன்பது லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். சினைப்பையில் புற்றுக்கட்டி, அது குடல் வரைக்கும் பரவியிருந்தது. தண்ணீர் போன பிறகு படுக்கையில் கிடந்தவள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை போல இருந்தாள்.

நாற்பத்தோரு நாள் இருந்தாள். இருபதாம் நாள் டாக்டர் ஷெரின் தவமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இவங்களுக்கு ஹார்மோன் விதைன்னு உங்க பதிவு சொல்லுது. இவங்க ரத்தத்துல அந்த ஹார்மோன் துளிகூட இல்ல. விதைய எடுத்துப் பாத்தோம். அது ஹார்மோனே இல்லாத வகை."

தவமணிக்கு முதலில் புரியவில்லை. அப்படியானால் தராசு எப்படி மருந்து எடை என்று பிரித்துக் காட்டியது என்று கேட்டாள்.

"தராசுக்கு என்ன தெரியும்? அது மொத்த எடையைத்தான் பாக்கும். இன்னாருக்கு ஹார்மோன் விதைன்னு நீங்க எழுதி வச்சிருந்தா, ஏறுற எடையைத் தூக்கி மருந்துப் பக்கம் போட்டுரும். இல்லைன்னு எழுதியிருந்தா அவங்க சொந்தக் கணக்குல போடும். அவ்வளவுதான். மருந்தால ஏறுறது பெரும்பாலும் கொஞ்சந்தான், சிலருக்கு ஏறவே ஏறாது. பதினோரு கிலோ ஏறும்போது யாராவது ஒருத்தர் என்னன்னு கேட்டிருக்கணும். பத்து மாசம் முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா இது ஒரு சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்."

அப்போதுதான் தவமணிக்கு எட்டாம் நம்பர் ஞாபகம் வந்தது. வரிசை, சிரிப்பு, ஈசிச்சேர், எல்லாம் வந்தது. டாக்டர் தண்ணீர் கொடுத்தார். விதையை மாற்றி வைத்ததை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, நாகஜோதியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த மற்ற நாட்களிலும் சொல்லவில்லை. சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு நாளும் போவாள். நாகஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள் மதிவதனியைப் பற்றியே பேசுவாள். தவமணி சொல்லாமலே திரும்பி வந்துவிடுவாள்.

காரியம் முடிந்த மறுவாரம் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. இறப்புக்கும் பணிக்கும் தொடர்பில்லை, பதிவுகள் யாவும் சரியாக உள்ளன. கீழே நர்ஸ் கையெழுத்துக்கு இடம். போட்டால் கோப்பு மூடிவிடும், அவள் வேலையும் நிற்கும். போடாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் இந்த ஜென்மத்துக்கு அவளை ஒரு ஆஸ்பத்திரி வாசலிலும் சேர்க்க மாட்டார்கள். தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

கண்மாய்க் கரையில் அதற்குள் வேறு பேச்சு பரவியிருந்தது. மருந்து எடைதான் நாகஜோதியைக் கொன்றது என்றார்கள். மஞ்சள் நான்கு காட்டிய ஒருத்தி பிளேடால் தன் கையைக் கீறி விதையை எடுக்கப் பார்த்து, ரத்தம் வழிய ஓடி வந்தாள். அவளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மதிவதனி வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்புச் சீருடை.

"அத்தை, அம்மாவ மருந்து கொன்னுச்சா, நோயி கொன்னுச்சா? பள்ளிக்கூடத்துல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க நர்சு. ஒங்களுக்குத் தெரியும்ல?"

தவமணி தையல் ஊசியைக் கீழே வைத்தாள். நாளைக்குச் சொல்றேன்டா என்றாள். குழந்தை தலையை ஆட்டிவிட்டுப் போயிற்று.

அன்று சாயங்காலமே இன்பவல்லி வீட்டுக்குப் போனாள். இன்பவல்லி வாசலில் கருவேல விறகைக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரு என்று சொல்லவில்லை. தவமணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எட்டாம் விதையைத் தான் மாற்றி வைத்ததை, பதிவை மாற்றாததை, நீ சொன்னது உண்மை, ஒடம்பு ஏறுனது மருந்தாலதான், நீ ஒளிச்சுத் திங்கிறன்னு நாந்தான் வாய் கூசாமச் சொன்னேன் என்பதை. சொல்லி முடித்துவிட்டு, காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றாள்.

இன்பவல்லி விறகுக் கட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

தவமணி அவளைப் பார்த்தாள்.

"தராசு எனக்குப் பூஜ்யம்னு காட்டுனப்பவே தெரியும். எட்டாம் நம்பர நாந்தான கேட்டு வாங்குனேன்? அவள மாட்டிவிடாம, பட்டினி கெடந்தாவது எடைய எறக்கிரலாம்னு பாத்தேன். வேல போன வாரம் நாகஜோதிகிட்டப் போயிச் சொன்னேன். வா, ரெண்டு பேரும் போயி நர்சக்காகிட்டச் சொல்லுவோம், மாத்திருவாகன்னேன். அவ எங்கையப் புடிச்சிட்டு அழுதா. அன்னைக்கு அவளுக்கு மொத்தம் அறுபத்தொண்ணு. மஞ்சள் போச்சுன்னா அவளுக்குச் செவப்பு எரியும். ஒனக்குப் புருஷன் இருக்கான் வல்லி, எனக்கு யாரு இருக்கா, மதி படிச்சு முடிக்கட்டும்னா. சண்ட போட்டு வாங்கிக் குடுத்தவ. அவள நானே எப்படி வரிசைய விட்டு வெளிய தள்ளுறது? சரின்னு வந்துட்டேன்."

இன்பவல்லி கயிற்றில் முடிச்சுப் போட்டாள்.

"வயிறு பெருசாகுதுன்னு கேள்விப்பட்டேன். அப்பவும் வாயத் தெறக்கல. அவ சோத்துல மண்ணப் போட வேணாம்னு இருந்தேங்க்கா. செவப்பு எரிஞ்சா மொதல்ல டாக்டர்கிட்டத்தான் அனுப்புவாகன்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்கு அனுப்புனாகளே, அது கூட ஞாபகத்துக்கு வரல."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். தவமணியால் அவளைத் தொட முடியவில்லை. விறகுக் கட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்தி இரக்கப்பட்டு மாற்றி வைத்தாள், ஒருத்தி இரக்கப்பட்டு வாயை மூடினாள், நடுவில் இருந்தவள் பிள்ளைக்காகப் பேசாமல் இருந்தாள். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் பெண்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில், தவமணி இன்பவல்லியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். மதிவதனியையும் வரச் சொல்லியிருந்தாள். கையெழுத்துப் போடாத தாளை ராயப்பனிடம் நீட்டினாள். மதுரைக்கு முந்தின நாள் ராத்திரியே எழுதி, காரணத்தையும் தன் பெயரையும் கொடுத்து, திருத்த அனுமதி வாங்கியிருந்தாள். கணினியில் எட்டாம் விதைக்கு நேரே இன்பவல்லி பெயரை எழுதினாள். ஒன்பதுக்கு நேரே நாகஜோதி. பிழை செய்தவர் என்ற இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"ஏறு" என்றாள்.

இன்பவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பச்சை ஐம்பத்தாறு. மஞ்சள் ஏழு. அவள் அந்த மஞ்சள் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவமணி வரிசையைப் பார்த்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு மதிவதனியிடம் குனிந்தாள்.

"மருந்து இல்லடா. நோயிதான். அந்த நோயி மேல மருந்துன்னு பேரு எழுதி ஒட்டுனது நாந்தான்."

மதிவதனி வாயைத் திறப்பதற்குள் தராசு பேசியது. பதிவு மாறினால் பழைய நாட்களையும் அது திரும்பக் கணக்குப் போடும் என்பதைத் தவமணி யோசித்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பழகிய அதே பெண் குரல்.

"நாகஜோதி. ஜூலை இருபத்து மூன்று. சொந்த எடை அறுபத்தொன்று. மருத்துவரைப் பார்க்கவும்."

நான் போயிச் சொன்ன வாரம் என்றாள் இன்பவல்லி, யாருக்கும் கேட்காத குரலில்.

"நாகஜோதி. ஜூலை இருபத்து நான்கு. சொந்த எடை அறுபத்தொன்று. மருத்துவரைப் பார்க்கவும். நாகஜோதி. ஜூலை இருபத்தைந்து."

ராயப்பன் ஓடி வந்தார். பொத்தான்களை அழுத்திப் பார்த்தார், கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார். கண்ணாடிக் கூரை தந்த மின்சாரம் தராசுக்குள்ளேயே சேர்ந்து கிடந்தது. இத நிறுத்தும்மா, பிள்ள நிக்குது பாரு என்று தவமணியிடம் கெஞ்சினார்.

"என்னால முடியாதுய்யா. ஒங்களாலயும் முடியாது. அவ வந்து ஏறி நின்னாத்தான் நிக்கும். அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கா."

ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் வந்தது. அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரும் நகரவில்லை. மதிவதனி தராசுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு தேதியையும் கேட்டாள். அது அவள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.